பாசிக்குடாப் பக்கம் குடிவாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு பாசிக்குடாப் பக்கம் குடிவந்த குடும்பம் நாங்கள். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமி. வந்த நாளிலிருந்து கண்டவர் நின்றவரிடமெல்லாம் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்லி முடியவில்லை. கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டால், எங்கள் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல காரியம் இந்தக் குடிபெயர்வுதான். அடித்துச் சொல்வேன்.

கிழக்கில் உத்தியோகம் பார்ப்பவர்கள் கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு எழுதுவதுதான் நாட்டு வழமை. வங்கியில் வேலை செய்யும் என் கணவர் வாழைச்சேனைப் பக்கம் மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தபோது, “ஏதும் பிரச்சினையா?” என்றுதான் அலுவலகத்தில் கேட்டார்கள். உறவுக்காரர் பாடு அதைவிடப் பெரிது. அவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். மற்றவர்கள் அங்கே போவதற்குக் கடவுச்சீட்டோடு காத்திருக்கிறார்கள். “எல்லாரும் கொழும்பு தாண்டி வெளிநாடு போகேக்க நீங்கள் மட்டக்களப்புக்குப் போறீங்களோ? பிள்ளையளின்ர படிப்பு?” என்று மாமியின் தங்கை தொலைபேசியில் அழாக்குறையாகக் கேட்டார்.

எங்களைக் கிளப்பியது 2022ஆம் ஆண்டு. அந்த வருடத்தை இலங்கையில் கழித்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. லிஃப்ட் நின்றால் மாமி மாடியிலேயே அடைபட்டிருப்பார். விறகு மூட்டுவதற்கு ஒரு சாண் நிலம் இல்லாத வீட்டில், பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது வாழைச்சேனையில் இருந்த கணவரின் சிநேகிதர் எடுத்துச் சொன்னார்: “இஞ்ச அடுப்பு எரியுது, கிணத்தில தண்ணி கிடக்கு, ஆத்தில மீன் கிடக்கு. மறுகா என்ன மச்சான் யோசினை? வாங்க.” மண்ணெண்ணெய் இல்லாமல் இங்கே கடற்றொழிலாளர் அந்த வருடம் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்த மண் குடும்பத்தைப் பட்டினி போடாது.

பாசிக்குடா என்றால் வெளியூர்க்காரருக்கு அரை வட்டமாக வளைந்த ஒரு கரையும், அதையொட்டி வரிசையாக நிற்கும் ஹோட்டல்களும்தான். அந்த வரிசைக்குப் பின்னால் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. கரைக்குப் பக்கத்தில் கல்குடா. அங்கிருந்து உள்ளே வந்தால் பேத்தாழை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் சந்தையும் வங்கிகளும் துறைமுகமும் உள்ள வாழைச்சேனை. பாலத்தைத் தாண்டினால் ஓட்டமாவடி. கோறளைப்பற்று என்ற பழைய பெயருக்குள் அடங்கும் ஊர்கள் இவை. மோட்டார் சைக்கிளில் சின்னப் பொழுதில் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடலாம். பாசிக்குடா பிரபலம், வாழைச்சேனை வசதி, கல்குடா அமைதி, பேத்தாழை எங்கள் வீடு. இதைவிட நல்ல அமைப்பு ஒரு குடும்பத்துக்கு எங்கே கிடைக்கும்?

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் கை ஓடாது.

பாசிக்குடாக் கடலில் இறங்கினால் நடந்துகொண்டே போகலாம். கணுக்கால், முழங்கால், திரும்ப முழங்கால், இடுப்பு. திரும்பிப் பார்த்தால் கரையில் நிற்கும் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள், தண்ணீர் இன்னும் நெஞ்சுக்கு வந்திராது. வெளியே கிடக்கும் முருகைக்கல் பார் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. உள்ளே வருவது வெறும் சலசலப்புத்தான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போல அப்படியே கிடக்கும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மாதங்களில், அடியில் கிடக்கும் சிப்பியைக்கூட நின்ற இடத்திலிருந்தே பொறுக்கலாம். என் சின்னவள் நீந்தப் பழகியது இங்கேதான். மாமி எழுபதைத் தாண்டியவர். கொழும்பில் காலி வீதிக்கு அப்பால், தண்டவாளத்துக்கு மறுபக்கம் கடல் இருந்தும், ஒருநாளும் கால் நனைக்காதவர். இங்கே விடியற்காலையில் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சூரிய நமஸ்காரம் செய்கிறார். கிழக்குக் கடல், சூரியன் நேரே கடலிலிருந்துதான் எழும்பும். அந்த நேரத்து மாமியின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

கல்குடாக் கரை வேறு சாதி. அங்கே அலை உண்டு, ஆழமும் உண்டு. ஹோட்டல் கூட்டம் கிடையாது. கரைவலை இழுப்பதை அங்கேதான் பிள்ளைகள் முதன்முதலில் கண்டார்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரை சேர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். குதிக்கால் மணலுக்குள் புதையும், உடம்பு முழுக்கப் பின்னால் சாயும். வயதானவர் ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பார். அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் கயிறு நகரும். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோலத் துள்ளும். கீரி, சூடை, பாரைக் குஞ்சு, இடையில் மை கக்கிக்கொண்டு ஒரு கணவாய். காகமும் பருந்தும் தலைக்கு மேல் வந்துவிடும். என் மூத்தவன் தானாகவே போய்க் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். யாரும் அவனை விலகச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் சம்மாட்டி இரண்டு கையாலும் சூடையை அள்ளி ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்தார். “இந்தா மனே, உன்ர பங்கு.” காசு நீட்டினேன். வாங்கவில்லை. இழுத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது கரையின் நியாயம். அந்தச் சூடைப் பொரியலின் ருசியைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது.

சாப்பாடு என்று தொடங்கிவிட்டேன். தயிரைச் சொல்லாமல் போனால் இந்த மாவட்டம் என்னை மன்னிக்காது. இங்கே தயிர் மண்சட்டியில்தான். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். மேலே விரல் கனத்துக்கு ஆடை. அதைச் சூடான பிட்டின் மேல் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனியோ பாணியோ விட்டுக் குழைத்துச் சாப்பிடுவது மட்டக்களப்புக் காலைச் சாப்பாடு. கொழும்பில் சோளப்பொரியைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத பிள்ளைகள் இப்போது பிட்டுக்கும் தயிருக்கும் சண்டை பிடிக்கிறார்கள். கோடையில் மரமுந்திரிகைப் பழம், பாலப்பழம், வாகரைப் பக்கத்துக் காட்டுத்தேன். ஆற்றில் பிடித்த இறாலும் நண்டும் வாழைச்சேனைச் சந்தைக்கு உயிரோடு வரும். நண்டின் காலைக் கட்டியிருக்கும் நாரைக் கடைக்காரர் அவிழ்க்க முன்பே அது நடக்கப் பார்க்கும். ஐஸ்பெட்டியில் நாட்கணக்காகக் கிடந்த மீனுக்குக் கொழும்பில் கொட்டிய காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி ஆட்கள். இந்த ஊரின் மிகப் பெரிய சொத்து அவர்கள்தான்.

சாமான் இறக்கிய அன்று நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. லொறி நின்றதும் அயலில் இருந்த பொடியன்கள் தாங்களாகவே வந்து அலுமாரியைத் தூக்கினார்கள். வீட்டுக்கார அக்கா பெரிய சருவச்சட்டியில் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அடுப்பு மூட்டாதீங்க கா, இண்டைக்கு எங்கட வீட்டுச் சாப்பாடுதான்” என்றார். வாடகை வீட்டின் சொந்தக்காரி அவரேதான், கணவரல்ல. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் அவள் பெயரில் வீடு எழுதப்படும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். தாய்வழியில் வரும் குடிமுறையும் கோவில் உரிமைகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தன் மண்ணில் தான் நிற்கும் பெண்ணின் பேச்சிலும் நடையிலும் ஒரு தெம்பு இருக்கும். எங்கள் தெருவிலுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் அதைக் காண்கிறேன். என் மகள் அதைப் பார்த்து வளர்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

பாலத்துக்கு அப்பால் ஓட்டமாவடி, முஸ்லிம் ஊர். வாழைச்சேனையிலும் முஸ்லிம் மக்கள் ஏராளம். இரண்டு சமூகமும் போர்க்காலத்தில் உயிர்களை இழந்தும் வருந்தியும் வந்தவை. அந்த வடுக்களை நான் மறைக்கவில்லை. ஆனால் இன்றைய சந்தையில் நெல் போடியாரும் பிடவைக்கடை நாநாவும் ஒரே மேசையில் பிளேன்ரீ குடிக்கிறார்கள். நோன்பு மாதத்தில் கணவரோடு வேலை செய்பவர் வீட்டிலிருந்து எங்களுக்கு நோன்புக் கஞ்சி வரும், தேங்காய்ப் பால் மணக்க மணக்க. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் பாலம் கடந்து போகும்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கல்குடாவுக்கென்று தனிக் கல்வி வலயமே இருக்கிறது. பாடசாலைகள் தாராளம். கொழும்பில் என் மூத்தவன் நெருக்கியடித்த வகுப்பில் பின்வாங்கில் ஒளிந்திருப்பான். இங்கே ஆசிரியைக்கு அவன் பெயரும் தெரியும், அவன் அப்பம்மாவின் சுகமும் தெரியும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருகிறான். வான் இல்லை, வாகன நெரிசல் இல்லை, விடிய எழும்பி அரை உறக்கத்தில் பாண் விழுங்குவதும் இல்லை. ரியூஷன் இங்கும் உண்டு, ஆனால் பின்னேரம் முழுவதையும் அது விழுங்கிவிடுவதில்லை. பேத்தாழைப் பொது நூலகத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஒரு கிராமத்துக்கு இப்படியொரு நூலகமா என்று முதல்நாள் வாசலில் நின்றுவிட்டேன். மேற்படிப்புக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் கும்புறுமூலை, கிரான், சந்திவெளி, சித்தாண்டி, பிறகு வந்தாறுமூலைதான். பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் போகலாம் என்றால் எந்தத் தாய் வேண்டாமென்பாள்?

மருத்துவத்துக்கு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. மாமியின் பிரஷர் கிளினிக் அங்கேதான். பெரிய வருத்தமென்றால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, ஏறக்குறைய 35 கிலோமீற்றர், நல்ல வீதி.

இந்த ஊர் பட்டதை நினைக்கும்போதுதான் இதன்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடுகிறது. எழுபதுகளில் பாசிக்குடாவும் கல்குடாவும் வெளிநாட்டார் வந்து குவிந்த கரைகள். 1978 நவம்பரில் வந்த சூறாவளி மட்டக்களப்பையே பிடுங்கிப் போட்டது. பிறகு போர். ஹோட்டல்கள் எலும்புக்கூடாக நின்றன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. எங்கள் தெருவில் அந்தக் காலையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. பேசும்போது கடலைத் திட்டுகிற ஆளும் இல்லை. 2009இல் போர் முடிந்தபிறகு, 2011 தொடக்கம் புதிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவற்றில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சமையல் பழகி, மொழி பழகி, மாலைதீவு வரை வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஹோட்டல்களுக்கெல்லாம் முன்பு, ஐம்பதுகளில் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யவென்று அமைத்த வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நம்பி ஒரு தலைமுறையே படித்து ஆளானது. அதன் சங்கொலிக்கு அடுப்பு மூட்டிய கதையை எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லும்போது கண் கலங்குவார்கள். அடிபட்டு அடிபட்டு எழும்பிய ஊர் இது. இங்கே வந்து குடியிருப்பதை நான் பெருமையாக நினைக்கிறேன்.

விடுமுறைக்கு வருபவர்கள் கோடையில் வந்து, குளித்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாவம், அவர்கள் மாரியைக் கண்டதேயில்லை! நவம்பரில் வாடைக்காற்று கடலிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வரும். வறண்டு கிடந்த மண் ஒரு கிழமைக்குள் பச்சை கட்டும். கிரான் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பெரும்போக வட்டை. நடுவே வெள்ளைக் கொக்குகள், தூரத்தில் குடும்பிமலையின் முடிச்சு. ஆறு பெருகி முகத்துவாரம் வெட்டிக்கொண்டு கடலில் விழும்போது, பாதி செம்மண் நிறமும் பாதி நீலமுமாகத் தண்ணீர் பிரிந்து நிற்கும். மழை இரைச்சலில் ஓட்டு வீட்டுக்குள் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு மாமி கதை சொல்லும் இரவுகள் என் பிள்ளைகளின் ஆயுசுக்கும் போதும். வெள்ளம் வரும், உண்மைதான். 2011 ஜனவரியில் மாவட்டமே மிதந்தது. ஆனால் ஊருக்குத் தெரியும் எந்த ஒழுங்கை தாழும், எந்த மேடு தப்பும் என்று. எங்கள் முதல் மாரியில் கிராம சேவகரும் கோவில் பொடியன்களும் வீடுவீடாக வந்து விசாரித்துப் போனார்கள். கொழும்பு மாடிவீட்டில் எதிர்க்கதவு வீட்டுக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு. வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கடைசியில் குளிர்த்தியோடு முடியும். கண்ணகி வழக்குரையை இரவிரவாகப் படிப்பார்கள். மதுரையை எரித்தவளின் கோபத்தை இந்த ஊர் ஆண்டுதோறும் தண்ணீர் தெளித்து ஆற்றுகிறது. பள்ளிப்புத்தகத்தில் சிலப்பதிகாரத்தை மனப்பாடம் பண்ணிய எனக்கு அது முதல்தடவையாக உயிரோடு எதிரே நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வடமோடியும் தென்மோடியுமாகக் கூத்துக் களரிகள் இன்னும் நடக்கின்றன. மத்தளம் விழுந்தால் என் மூத்தவனின் கால் தானாக ஆடுகிறது.

கொழும்பை அடியோடு வெட்டிவிட்டு வரவும் தேவையில்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த ரயில்பாதை வாழைச்சேனையையும் கல்குடாவையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. காலையில் உதயதேவி இருக்கிறது, இரவு ரயிலும் இருக்கிறது. பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை கழிந்து புணானைக் காடு. நூறு வருடத்துக்கு முன் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று திரிந்த காடு. 1924இல் அதைச் சுட்ட இடத்தைத் தாண்டும்போது என் பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார்கள். யானையைக் காண்பதும் உண்டு. காடு முடிந்து ஓட்டமாவடிப் பாலத்து இரும்பு தடதடவென்று அதிரும்போது பெட்டியிலுள்ள ஊர்க்காரர் எல்லோரும் பைகளை எடுக்கத் தொடங்குவார்கள். நாங்களும்தான்.

ஆகவே, கொழும்பில் மாதவாடகைக்கும் வான் காசுக்கும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பெற்றோரே, விடுமுறைக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவுகளே, இதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கோடையில் வந்து கடலைப் பாருங்கள். பிடித்தால் ஒரு மாரிக்கு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். காணி வாங்குவதென்றால் உறுதிக்காணியா, அரச உத்தரவுப்பத்திரக் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து, சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே முற்பணம் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரை வறட்சிக் காலத்தின் கடைசியில் ஒருமுறை குடித்துப் பாருங்கள், கடலுக்குக் கிட்டிய சில வளவுகளில் அப்போது உவர்க்கும். வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்று அயல்வீட்டு ஆச்சியைக் கேளுங்கள், சுவரில் கோடு காட்டித் தருவார். பள்ளிக்கூட அனுமதிக்குப் பிள்ளையின் விலகல் சான்றிதழை மறக்காமல் எடுத்து வாருங்கள். மற்றதெல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஒழுங்கையிலேயே இப்போது ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது: கிணறு, முற்றத்தில் ஒரு மாமரம், நல்ல வீட்டுக்காரி. அடுத்த தவணை தொடங்க முன் வந்துவிடுங்கள்.